அண்டா ரிப்போர்ட்

(அண்டாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறான். பிறந்ததிலிருந்து ஒரு தட்டைக் கழுவி வைத்தவன் இல்லை. சீருடை இல்லை. போலிஸ் காடியையும் வாசலில் நிறுத்தவில்லை. கோயில் பக்கம் எங்கேயோ விட்டுவிட்டு, இந்த வெயிலில் அண்டாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலை ரோட்டில் நடந்து வந்திருக்கிறான் என் தம்பி, சார்ஜன் யுகேந்திரன். எதிலிருந்து ஆரம்பிக்கிறான் என்று பார்க்கலாம்.)

– என்னக்கா அப்படிப் பாக்குற? அண்டா கெடைச்சிருச்சுன்னு சொல்றேன், மூஞ்சில ஒரு சந்தோசம் இல்ல.

– சந்தோசம்தான். மூனு வாரமாக் காணாமப் போனது. மாலை போட்டு மேளம் வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாம்.

– கிண்டல் பண்ணாதக்கா. தலையெல்லாம் சுடுது. ஒரு கோப்பி போடு.

– போலிசுக்குக் கோப்பி குடுத்தா லஞ்சம்னு சொல்வாங்க. தம்பிக்குன்னா குடுக்கலாம். இப்ப வந்திருக்கிறது யாரு?

– ரெண்டு பேரும்தான்.

– அப்ப அரை கிளாஸ்.

– குமுதாக்கா...

– ஒக்காரு. அந்த வெங்காயக் கூடையத் தள்ளி வெச்சிட்டு ஒக்காரு. எங்க கெடைச்சிச்சு?

– கோயில் ஸ்டோர்லயே இருந்திருக்கு. பழைய பாய்க்கெல்லாம் பின்னால. யாரும் சரியாப் பாக்கல. சிம்பிள்.

– அப்படியா? செக்ரட்டரி கனகசுந்தரம் ஐயா அந்த ஸ்டோருக்குள்ள ரெண்டு வாட்டி பூந்து தேடினாரே. ஒரு கரண்டி கொறைஞ்சாலே அவருக்கு ராத்திரி தூக்கம் வராது.

– வயசாயிருச்சுக்கா அவருக்கு. கண்ணு தெரியாது.

– உனக்கு மூக்கு இருக்குல்ல? இங்க வா. குனி. உள்ள மோந்து பாரு.

– எதுக்கு?

– மோந்து பாரு தம்பி.

– ... புளி போட்டு மூனு தடவை தேச்சேன்க்கா.

– தேச்சது தெரியுது. கோயில் ஸ்டோர்ல டுரியான் பழத்த அடுக்கி வெச்சது யாரு? முருகனா?

– சரி லா. தோட்டத்துலேர்ந்துதான் எடுத்தேன். பாலிக் புலாவ் தோட்டத்துலேர்ந்து. போதுமா?

– போதும். காமாரியா அக்கா டுரியானக் கொட்டி வெச்சிருந்திச்சா?

– பத்துப் பதினஞ்சு பழம். அந்த அக்காவுக்குக் கோயில் அண்டான்னு தெரியாதாம்.

– அதுக்கு என்ன தெரியும், தோட்டத்துக் காவக்காரி. மாசத்துக்கு ஒரு தடவை மொதலாளி சொன்னா சமையலுக்கு ஆளு பிடிக்கும். அன்னிக்கு என்னைப் பிடிச்சுது, நானும் கோயில் அண்டாவ எரவல் வாங்கிட்டுப் போனேன், திரும்பி வந்து பாத்தா வேன்ல காணோம். 'பதினாலு பேரு, நல்லாப் பண்ணுங்க'ன்னு மட்டும்தான் சொன்னிச்சு. யாரு யாருன்னு நான் கேக்கவும் இல்ல.

(காது மடலைத் தேய்க்கிறான். சின்ன வயதில் முதல் பொய் பிடிபட்டவுடன் இப்படித்தான் தேய்ப்பான். இரண்டாவது பொய் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அம்மா காத்திருக்க மாட்டாள், நான் காத்திருப்பேன்.)

– ஏன்க்கா, எனக்கு ஒன்னு மட்டும் சொல்லு. ஒரு அண்டாவுக்கு எவனாச்சும் போலிஸ் ரிப்போர்ட் போடுவானா?

– கோயில் சாமான். கனகசுந்தரம் ஐயா கேட்டாரு. 'பிள்ளை, எழுத்தில குடுங்கோ. பொலிஸ் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் எடுத்து, கொப்பி ஒண்டு எனக்குத் தாங்கோ. கமிட்டியில வைக்கோணும்' எண்டாரு.

– 'எண்டாரு' இல்ல, அவரு மாதிரியே பேசி என்னைச் சிரிக்க வைக்காத. புதுசா ஒரு அண்டா வாங்கிக் குடுத்திருக்கலாம்ல?

– பேரு வெட்டியிருக்கு பாரு, விளிம்புல. உபயம் குடுத்த குடும்பம் ஆடிக் கிருத்திகைக்கு வந்து முதல்ல அண்டாவத்தான் தேடும், அப்புறம்தான் முருகன. அதுல ஐயாவுக்கு இன்னொரு கவலை வேற. என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'இறைச்சி பட்டதோ?'ன்னாரு. சத்தியமா வெள்ளச் சோறு மட்டும்தான்னு சொன்னேன். அதையும் ரிப்போர்ட்ல எழுதச் சொன்னாரு.

– எழுதியிருக்கு! படிச்சேன்! 'இந்த அண்டாவில் சோறு மட்டுமே இருந்தது, ஆட்டிறைச்சி வேறு பாத்திரத்தில் இருந்தது.' போலிஸ் ரிப்போர்ட்ல!

– உண்மைதான.

– அதோட நிறுத்தியிருந்தா நான் ஏன்க்கா வெயில்ல நடக்குறேன்? மேயரையும் எழுதி வெச்சிருக்கியே! எங்க போலிஸ் பெரியவரையும்! அந்தச் சாக்கடை காண்ட்ரேக்டரையும்!

– நான் எழுதல. கவுண்டர்ல அந்தப் பொண்ணு ஷாஹிரா கேட்டா. 'கடைசியா அண்டாவப் பாக்கும்போது பக்கத்துல யாரு இருந்தாங்க'ன்னு. நான் பாத்தவங்களச் சொன்னேன். மேயர் நாற்காலில காலை நீட்டி ஒக்காந்திருந்தாரு. உங்க பெரியவரு அவருக்கு ஆட்டுப் பிரட்டல் எடுத்துப் போட்டாரு. காண்ட்ரேக்டர் ரசத்தக் கிளாஸ்ல வாங்கிக் குடிச்சாரு.

– ரசம் குடிச்சதையுமா சொல்லணும்?

– ரெண்டு கிளாஸ்.

– ஐயோ, அக்கா...

– அந்தப் பொண்ணு டைப் பண்ணிட்டே இருந்தவ ஒரு தடவை நிறுத்திட்டு என்னை நிமிந்து பாத்தா. அப்புறம் மறுபடியும் டைப் பண்ணினா. நல்ல வேகம்.

– அதோட போச்சா? அந்தக் கொப்பிய யாரு வாட்சப்ல விட்டது? நீயா?

– நானா? நான் போட்டோ புடிச்சா என் விரலுதான் விழும். ஐயாதான் கோயில் போர்டுல ஒட்டினாரு. கமிட்டி விசயமாச்சே, எல்லாரும் பாக்கட்டும்னு. கல்யாண மண்டப வாடகை அட்டவணைக்குப் பக்கத்துல. வெள்ளிக்கிழமை கூட்டம். எவனோ போட்டோ எடுத்திட்டான்.

– இப்ப பினாங்கு முழுக்க 'அண்டா ரிப்போர்ட்'னு பேரு!

– எனக்குத் தெரியாதா? பாசார்ல நண்டு விக்கிற யூசுப் பாய் என்னைப் பாத்ததும் எந்திரிச்சு சலாம் வெக்கிறாரு. 'நாலு மாசமா போலிஸ் கண்டுபிடிக்காதத உங்க அண்டா ஒரே மத்தியானத்துல கண்டுபிடிச்சிருச்சு, அதுக்கு இன்ஸ்பெக்டர் வேல குடுக்கணும்'ங்கிறாரு.

– சிரிக்காதக்கா.

– நீயும் சிரிக்கிற.

– நான் சிரிக்கல. வாய் கோணுது.

(சிரித்தான். இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது. அந்தச் சாக்கடை காண்ட்ராக்ட் விசாரணை ஆரம்பித்ததிலிருந்து என் வீட்டுப் பக்கமே வருவதில்லை. மூன்று வாரமாக இவன் வருவான், வந்து ஒன்றைச் சொல்வான் என்று காத்திருந்தேன். அண்டாவோடு வருவான் என்று நினைக்கவில்லை.)

– கோப்பி இந்தா. சீனி கம்மியாப் போட்டேன்.

– அக்கா, நான் சீரியஸா ஒன்னு சொல்றேன். மேயர் மேல இன்னும் கேஸ் ஒன்னும் வரல. விசாரணை நடக்குது.

– எங்க நடக்குது? தோட்டத்துலயா?

– அது சாப்பாடு. சாப்பிட்டா குத்தமா?

– குத்தமில்ல. ஆனா அதுக்கு மறுநாள் பேப்பர்ல மேயர் என்ன சொன்னாரு? 'அந்தக் காண்ட்ரேக்டர நான் நேர்ல பாத்து ஒரு வருசம் ஆச்சு'ன்னாரு. உங்க பெரியவரு பக்கத்துல நின்னு, 'ஆமா, எங்க விசாரணையிலயும் அப்படித்தான் தெரியுது'ன்னாரு. நான் அப்ப ஆட்டுப் பிரட்டல் சட்டியத் தேச்சிட்டு இருந்தேன். அடி பிடிச்சது கூட இன்னும் போகல, அதுக்குள்ள ஒரு வருசம் ஆயிருச்சேன்னு நெனச்சேன்.

– அரசியல்ல அதெல்லாம் சகஜம் லா.

– சாக்கடை தோண்டாமலே தோண்டினதா மேயர் கையெழுத்துப் போட்டதும் சகஜமா? ஒரு மழைக்கே நம்ம பின்தெரு என்னாச்சு? சந்திரிகா டீச்சர் புருசன் படுத்த படுக்கை. சாப்பாட்டு மேசை மேல தூக்கிப் போட்டு மூனு மணி நேரம் குடையப் பிடிச்சிட்டு நின்னாங்க அந்தம்மா. கூரையும் ஒழுகுச்சு, கீழயும் தண்ணி. நீயும்தான வந்து தூக்கின?

– தூக்கினேன்.

– அப்ப உன் வாயிலேர்ந்து வந்த கெட்ட வார்த்தையெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. காண்ட்ரேக்டருக்கு ஒன்னு, மேயருக்கு மூனு.

– அது... தண்ணில நிக்கும்போது யாரா இருந்தாலும் அப்படித்தான் பேசுவாங்க.

– காஞ்ச தரைல நின்னா வேற மாதிரிப் பேசுவியா? சரி சொல்லு. உனக்கு என்ன வேணும்?

– சிம்பிள்க்கா. பயப்படாத. ஒரு சின்ன பேப்பர். இன்னொரு ரிப்போர்ட். 'முதலில் சொன்னது ஞாபகப் பிசகு. அண்டா கோயில் ஸ்டோரிலேயே இருந்தது. அன்று நான் பாலிக் புலாவுக்குப் போகவில்லை.' மூனே வரி. நானே டைப் பண்ணிக் கொண்டாந்திருக்கேன். நீ கீழ சைன் வெச்சா போதும்.

– காட்டு. அட, மலாய்ல நல்லா எழுதியிருக்கியே. எனக்கே நம்பிக்கை வந்திரும் போல. அன்னிக்கு நான் எங்க இருந்தேனாம்?

– வீட்டுல. காய்ச்சல்.

– பாவம். மருந்து சாப்பிட்டேனா?

– அக்கா!

– இல்ல, கேக்குறேன். யாராச்சும் விசாரிச்சா நான் சொல்லணும்ல. காய்ச்சல்ல படுத்தவ பதினாலு பேருக்கு இலை வாங்கினது எப்படின்னு அந்த இலைக்காரரு கேப்பாரே.

– யாரும் விசாரிக்க மாட்டாங்க. அதுக்குத்தான இந்தப் பேப்பர். இது உள்ள போனா எல்லாம் முடிஞ்சுது. வேற எங்கயும் ஒரு எழுத்து கெடையாது. அந்தத் தோட்டத்துக்கு அவங்க போனதா இந்த ஊர்லயே இருக்கிற ஒரே காகிதம் உன் அண்டா ரிப்போர்ட்தான்.

– அப்படியா.

(அதைத் தெரிந்தே சொல்கிறானா, தெரியாமல் சொல்லிவிட்டானா? ஒரே காகிதம். நான் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்கு எழுதியதுகூட யாரும் படித்ததில்லை.)

– போடலன்னா?

– போடலன்னா என்னைத் தவாவுக்கு மாத்திருவாங்க.

– சபாவுக்கா? அவ்ளோ தூரமா?

– லிஸ்ட் ரெடி ஆயிருச்சாம். இன்ஸ்பெக்டர் அஸ்லான் காதுல போட்டாரு. லோகேஸ்வரிக்கு இப்பத்தான் புக்கிட் தெங்கா ஃபேக்டரில சூப்பர்வைசர் வேல கெடைச்சிருக்கு, அதை விட்டுட்டு வர முடியுமா? பையன் அடுத்த வருசம் ஒன்னாம் வகுப்பு. நான் அங்க, அவங்க இங்க. மூனு வருசம்க்கா, கொறைஞ்சது.

– உங்க பெரியவரு உன்னைக் கூப்பிட்டுச் சொன்னாரா, இப்படிப் போயி அக்காகிட்ட கையெழுத்து வாங்குன்னு?

– அவரு ஒன்னுமே சொல்லல. லிஃப்ட்ல பாத்தாரு. 'உங்க அக்கா சமையல் ரொம்ப நல்லா இருந்திச்சு'ன்னாரு. அவ்வளவுதான். முதுகுல தட்டிட்டுப் போயிட்டாரு.

– உப்பு சரியா இருந்திச்சான்னு கேட்டியா?

– நான் இங்க வேர்த்து விறுவிறுத்து ஒக்காந்திருக்கேன், நீ உப்பு கேக்குற. உன்னைப் பத்தியும் யோசி. கேட்டரிங் லைசென் எப்ப முடியுது?

– அடுத்த மாசம்.

– எந்த ஆபிஸ்ல ரினியூ பண்ணணும்?

– தெரியும். கவுண்டருக்கு மேல மேயர் போட்டோ மாட்டியிருக்கும். சிரிச்ச மொகம்.

– அப்புறம்? இந்தப் பேப்பர்ல சைன் வெச்சா எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது. கோயிலுக்கு அண்டாவும் வந்திருச்சு. யாருக்கு நட்டம் சொல்லு?

– டுரியானுக்கு.

– அக்கா, கொஞ்ச நேரம் வெளையாடாம பேசேன். நான் உன்னைக் கெஞ்சுறேன்.

(கெஞ்சுகிறான். அடுப்பை அணைத்துவிட்டேன். வெங்காயம் உரித்த கை, அதனால்தான் கண் கரிக்கிறது என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும். மூன்று வருடம். பையனுக்கு நான்தான் ஆனா ஆவன்னா சொல்லித் தரவேண்டி வரும். அதுகூட எனக்கு முடியும். லோகேஸ்வரியின் முகத்தைப் பார்ப்பதுதான் முடியாது.)

– நீ எனக்குப் போடாத கையெழுத்தாக்கா? நாலாம் வகுப்புல கணக்குல பதினேழு மார்க் வாங்கினேன். அப்பா கையெழுத்த யாரு போட்டா?

– நான்தான்.

– பார்த்தியா. அச்சு அசலா அப்பா மாதிரியே. அந்தச் சுழி கூட.

– ஒரு வாரம் பழகினேன் அந்தச் சுழிய. அப்பா பெல்ட்ட எடுத்தா அடி வாங்குறவன் நீ ஒருத்தன்தான். அதனால போட்டேன். இதுல அடி வாங்கப் போறவங்கள எண்ணிப் பாத்தியா? சந்திரிகா டீச்சர் தெருவுல மட்டும் எத்தனை வீடு?

– உன் ஒரு ரிப்போர்ட் இருந்தா மட்டும் அந்தத் தெருவுல தண்ணி நின்னிருமா?

– நிக்காது.

– அப்புறம் என்ன?

– தெரியல தம்பி. எனக்கு வக்கீல் மாதிரிப் பேச வராது. பாலாய்ல அன்னிக்கு ஒக்காந்திருந்தேன்ல, அந்தப் பொண்ணு என்னை ஒவ்வொன்னாக் கேட்டா. நான் பாத்ததச் சொல்லச் சொல்ல அவ எழுதினா. கடைசில படிச்சுக் காட்டினா. நான் பாத்தது அப்படியே இருந்திச்சு. என் வாழ்க்கைல நான் சொன்னத யாரும் அப்படித் திருப்பிப் படிச்சுக் காட்டினது இல்ல. வீட்டுலயும் இல்ல, வெளியிலயும் இல்ல. வெளிய வந்து வேன்ல ஒக்காந்து கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணாமலே இருந்தேன்.

– நீ இதெல்லாம் சொன்னதே இல்லையேக்கா.

– நீ கேட்டதே இல்லையே. சரி, அதை விடு. அந்தத் தோட்டத்துச் சாப்பாடு நடந்த சனிக்கிழமை நீ எங்க இருந்த?

– நானா?

– ஆமா. நான் எங்க இருந்தேன்னு நீ டைப் பண்ணிட்டு வந்திருக்க. நீ எங்க இருந்தன்னு நான் கேக்கலாம்ல.

– புக்கிட் தெங்கா பக்கம் ரோட் பிளாக். காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும். அதான், தோட்டத்துல என்ன நடந்திச்சு, யாரு வந்தாங்க, எனக்கு ஒன்னுமே தெரியாது. உன் ரிப்போர்ட்டப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

– வெயில் அதிகமா இருந்திருக்குமே.

– கொளுத்திருச்சு.

(காது மடலைத் தேய்க்கவில்லை. அதற்கும் பழகிக்கொண்டான்.)

– பேனா இந்தாக்கா. இங்க, கீழ. தேதி நான் போட்டுக்கறேன்.

– முதல் ரிப்போர்ட்ட முழுசாப் படிச்சியா தம்பி?

– பத்துத் தடவை படிச்சிருப்பேன்.

– கடைசி வரி என்ன?

– கடைசி வரி... 'மேற்சொன்னவர்களைத் தவிர எனக்குத் தெரிந்தவர் வேறு யாரையும் நான் அங்கு பார்க்கவில்லை.' அதுக்கென்ன?

– ஷாஹிரா கேட்டா, வேற யாராச்சும் தெரிஞ்சவங்களான்னு. இல்லன்னேன். அந்தப் பொண்ணுக்கு என்ன தோணுச்சோ, மறுபடியும் கேட்டா. மறுபடியும் இல்லன்னேன்.

– அதான் சரியா இருக்கே.

– என் வேன் உள்ள நுழையும்போது தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒருத்தன் நின்னான். வண்டியப் பாத்ததும் குனிஞ்சு தொட்டிக்குப் பின்னால ஓடினான். மொகம் தெரியல. முதுகுதான் தெரிஞ்சிச்சு.

– தோட்டத்து வேலக்காரன் எவனாச்சும் இருப்பான்க்கா.

– அந்த முதுகுக்கு ஆறு வயசு வரைக்கும் நான்தான் சோப்புப் போட்டேன்.

– அக்கா... பெரியவருக்கு அன்னிக்கு எஸ்கார்ட் ஆளு இல்ல. என்னை வரச் சொன்னாங்க. நான் சாப்பிடக் கூட இல்லக்கா. உன்னைப் பாத்ததும் எனக்கு...

– தெரியும். சாப்பிட்ட இலைய எண்ணினேன், பதிமூனுதான் இருந்திச்சு.

– அப்ப நீ... இவ்ளோ நேரம்...

– கோப்பி ஆறிருச்சு, குடி. பேனாவ எடுத்துப் பாக்கெட்ல வெச்சுக்க. அந்த ரிப்போர்ட்ல ஒரே ஒரு பொய்தான் இருக்கு தம்பி, அதையும் உனக்காகத்தான் சொன்னேன். ரெண்டாவது சொல்ல மாட்டேன்.